ஒரு மாத வாசிப்பைத் திரும்பிப் பார்ப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரையிலும் சுற்றுவட்டாரத்திலும் 'இந்த ஒரு மாதம் பிடித்ததைப் படிப்போம்' என்று உட்கார்ந்தவர்கள் மாதக் கடைசியில் கேட்கும் கேள்விகளைத் தொகுத்திருக்கிறோம். பரீட்சைக்கோ வேலைக்கோ படிப்பதைப் பற்றி இங்கே பேச்சில்லை. ஆசைக்குப் படிப்பது மட்டும்தான்.

மாதம் முடிந்ததும் எத்தனை புத்தகம் என்று எண்ணினால் போதாதா?

எண்ணலாம், இரண்டு நிமிஷ வேலை. ஆனால் அந்த எண்ணை வைத்துக்கொண்டு அடுத்த மாதம் ஒன்றும் செய்ய முடியாது. 'நாலு புத்தகம்' என்ற கணக்கில் 96 பக்கக் குறுநாவலும் ஒன்றுதான், 700 பக்க நாவலும் ஒன்றுதான். எது உங்களை ராத்திரி பதினொன்றரை வரை விழிக்க வைத்தது, எதை மூன்று பக்கத்தில் மூடிவிட்டு போனை எடுத்தீர்கள் என்பதெல்லாம் அதில் வராது.

திரும்பிப் பார்ப்பதே அடுத்த மாதத்துக்கு ஒழுங்காகப் புத்தகம் எடுக்கத்தான். அதற்கு, முடித்த புத்தகத்தைவிடப் பாதியில் நின்ற புத்தகம் கூடுதலாக உதவும். எந்தப் பக்கத்தில் நின்றது, எந்த வேளையில் நின்றது, எதனால் நின்றது: இந்த மூன்றும் தெரிந்தால் போதும். கீழே உள்ள பதில்களில் பெரும்பாலானவை இதைச் சுற்றியே வரும்.

மாதம் முழுக்க என்னென்ன குறித்து வைக்க வேண்டும்?

ஒரு 40 பக்கக் கோடு போட்ட நோட்டும் பென்சிலும் போதும். ஒரு நாளைக்கு ஒரே வரி. தேதி, எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பக்கம் வரை, எங்கே உட்கார்ந்து, ஏன் மூடினோம். புத்தகத்தின் பெயரை மேலே ஒரு தடவை எழுதிவிட்டால் தினமும் எழுத வேண்டாம். இப்படி இருக்கும்:

செவ்வாய். 41–58. மொட்டைமாடி. இருட்டிவிட்டது.
புதன். 58–61. கட்டில். தூக்கம்.
வியாழன். இல்லை.
வெள்ளி. 61–64. கட்டில். பெயர் குழப்பம்.
சனி. 64–112. திண்ணை, காலை. சாப்பிடக் கூப்பிட்டார்கள்.

இந்த ஐந்து வரியைப் பார்த்தாலே விஷயம் புரியும். புத்தகத்தில் பழுதில்லை. கட்டிலில் படுத்துக்கொண்டு அதைப் படித்ததுதான் பழுது. உட்கார்ந்து படித்த இரண்டு தடவையும் ஓடியிருக்கிறது, சனிக்கிழமை காலையில் மட்டும் 48 பக்கம்.

'ஏன் மூடினேன்' என்ற கடைசிச் சொல்லைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். மற்றதெல்லாம் விட்டுப்போனாலும் அதை விடாதீர்கள். கதைச் சுருக்கம், பிடித்த வரி, மதிப்பெண் எதுவும் இந்த நோட்டில் வேண்டாம். அதையெல்லாம் எழுதத் தொடங்கினால் பத்தாம் நாள் நோட்டே பாரமாகி, நோட்டோடு வாசிப்பும் நின்றுவிடும்.

எதையுமே குறிக்கவில்லை. மாதம் முடிந்துவிட்டது. இப்போது என்ன செய்வது?

பாதியாவது மீட்டுவிடலாம். நூலகப் புத்தகம் என்றால் கடைசித் தாளில் ஒட்டியிருக்கும் தவணைச் சீட்டின் முத்திரை, எந்தத் தேதிக்குள் கையில் இருந்தது என்று சொல்லும். சொந்தப் புத்தகத்தில் அடையாளத்துக்கு வைத்த பஸ் டிக்கெட், மருந்துச் சீட்டு, கல்யாணப் பத்திரிகைத் துண்டு எதுவாவது இருக்கும். மெஷினில் அடித்துக் கொடுக்கும் டிக்கெட்டில் எழுத்து சில வாரத்திலேயே வெளிறிவிடும், அதனால் முதலில் அதைப் பாருங்கள். போனில் எடுத்த பக்கப் படங்களுக்குத் தேதி இருக்கும். கிண்டில் செயலியில் கோடிட்ட இடங்கள் அப்படியே இருக்கும்.

இவற்றை வைத்து ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஒரு வரி எழுதுங்கள். நினைவுக்கு வராததைக் கற்பனை செய்து நிரப்ப வேண்டாம். காலியாக விட்டால் ஒன்றும் குறைந்துவிடாது.

சரி, எப்படித் திரும்பிப் பார்ப்பது? படிப்படியாகச் சொல்லுங்கள்.

ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். ஞாயிறு காலை நல்லது, ராத்திரி வேண்டாம். அந்த மாதம் கையில் எடுத்த எல்லாப் புத்தகத்தையும் தரையில் பரப்பி மூன்றாகப் பிரியுங்கள்: முடித்தவை, நின்றவை, திறக்காதவை. நூலகத்துக்குத் திருப்பிவிட்டவற்றுக்குப் பதில் பெயர் எழுதிய துண்டுச் சீட்டு வையுங்கள்.

நின்றவற்றிலிருந்து தொடங்குங்கள். நின்ற பக்கத்தைத் திறந்து, அதற்கு இரண்டு பக்கம் முன்னாலிருந்து இரண்டு பக்கம் பின்னால் வரை இப்போது படியுங்கள். நான்கே பக்கம். படித்ததும் மேலே போகத் தோன்றினால், அன்றைக்கு வேளைதான் சரியில்லை, புத்தகம் சரிதான். அது அடுத்த மாதத்துக்குப் போகிறது. நான்கு பக்கமும் இழுத்துப் பறித்துக்கொண்டு போனால், காரணத்தை ஒரே வரியில் எழுதிவிட்டு ஒதுக்குங்கள்.

அடுத்து முடித்தவை. ஒவ்வொன்றுக்கும் ஒரே கேள்வி: நோட்டில் எந்த நாள் பக்கம் அதிகம் ஓடியிருக்கிறது? அந்தப் பக்கங்களை மட்டும் புரட்டுங்கள். பேச்சு நிறைந்த இடமா, பயணமா, ஊர் விவரிப்பா, வழக்கு விசாரணையா, சமையலா? உங்களுக்கு எது ஓடுகிறது என்பது அங்கே இருக்கும். 'எனக்குச் சரித்திர நாவல் பிடிக்கும்' என்று சொல்கிறவருக்குப் பல நேரம் பிடித்திருப்பது அதில் வரும் ஒற்றர் வேலை. அவர் துப்பறியும் கதைப் பக்கம் போனால் இன்னும் வேகமாகப் படிப்பார். பெயர்ப் பலகையை நம்பாமல் பக்கத்தை நம்ப வேண்டும் என்று சொல்வது இதற்காகத்தான்.

திறக்காதவற்றுக்கு இரண்டு நிமிஷம் போதும். இரண்டு மாதம் தொடர்ந்து திறக்காத புத்தகத்தை அலமாரியில் வையுங்கள், மேஜையில் வேண்டாம். கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தால் குற்ற உணர்ச்சிதான் வளரும்.

பாதியில் நிற்பதற்கு வழக்கமான காரணங்கள் என்ன? எந்தப் பக்கத்தில் நின்றது என்பதை வைத்துச் சொல்ல முடியுமா?

பெரும்பாலும் முடியும்.

20 முதல் 40 பக்கத்துக்குள் நின்ற நாவலில் ஆட்கள் குழப்பம்தான் முதல் சந்தேகம். மூன்று தலைமுறைக் கதை என்றால் தாத்தா பெயரே பேரனுக்கும் இருக்கும். ரஷ்ய மொழிபெயர்ப்பில் ஒரே ஆளுக்குச் சொந்தப் பெயர், தந்தை பெயரை ஒட்டி வரும் பெயர், குடும்பப் பெயர், போதாததற்குச் செல்லப் பெயர் என்று நாலு வரும். தபால் அட்டை அளவுக்கு ஒரு சீட்டில் பெயரும் உறவும் எழுதி அடையாளச் சீட்டாகவே வைத்துக்கொள்ளுங்கள். 40 பக்கம் தாண்டியதும் அந்தச் சீட்டு தேவைப்படாது.

மொழி தடுத்தாலும் இதே இடத்தில்தான் நிற்கும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்க கால உரைநடையில் வாக்கியம் நீளம், சந்தி பிரிக்காமல் இருக்கும். வட்டார வழக்கில் எழுதிய நாவலில் பேச்சு கண்ணுக்குப் பழகாது. இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான்: முதல் பத்துப் பக்கத்தை வாய்விட்டுப் படியுங்கள். கண்ணுக்குப் புரியாதது காதுக்குப் புரியும். திருமங்கலம், பேரையூர்ப் பக்கத்து ஆட்களுக்குக் கரிசல் பேச்சு பத்துப் பக்கம்கூட வேண்டாம், இரண்டாவது பக்கத்திலேயே பிடிபட்டுவிடும். நாஞ்சில் நாட்டு வழக்குக்கும் கொங்கு வழக்குக்கும்தான் கொஞ்சம் பொறுமை வேண்டும்.

நடுவில், அதாவது மூன்றில் ஒரு பங்கு தாண்டி நின்றால், பெரும்பாலும் நாலைந்து நாள் இடைவெளி விழுந்திருக்கும். வீட்டில் விசேஷம், ஊருக்குப் போனது, உடம்பு சரியில்லாதது. திரும்பி வந்து நின்ற இடத்திலேயே தொடங்கினால் ஒட்டாது. ஒரு அத்தியாயம் பின்னால் போய்த் தொடங்குங்கள்.

கடைசி முப்பது பக்கத்தில் நின்றவை ஒரு தனி ரகம். முடிவு தெரிந்துவிட்டது, அல்லது முடிந்துவிடுமே என்று மனசு வரவில்லை. முதலாவது என்றால் விட்டுவிடலாம், தப்பில்லை. இரண்டாவது என்றால் இந்த ஞாயிறே முடித்துவிடுங்கள்.

சிறுகதைத் தொகுப்பு மூன்றாம் கதையில் நிற்பது ரொம்ப சகஜம். நாவலைப் போல ஒரே மூச்சில் படிப்பதால் வருவது இது. ஒவ்வொரு கதைக்கும் புது ஆட்கள், புது ஊர் என்று மறுபடி மறுபடி நுழைய வேண்டியிருக்கிறது, அதில் களைப்பு வந்துவிடும். நாளைக்கு ஒரு கதை, அதுவும் நாவலுக்கு இடையில். 12 கதைத் தொகுப்பு இப்படி ஒரு மாதத்தில் தானாக முடியும்.

இன்னொன்று, யாரும் சந்தேகப்படாதது: அச்சு. எழுத்து பொடியாக, வரி நெருக்கமாக, தாள் பளபளப்பாக இருந்தால் நல்ல புத்தகமும் நிற்கும். வேறு பதிப்பு கிடைக்கிறதா பாருங்கள்.

ஒரு மாதத்துக்கு எத்தனை பக்கம் சரி?

உங்கள் வேகத்தை நீங்களே அளக்க வேண்டும். பிடித்த புத்தகத்தில் பத்துப் பக்கத்தைக் கடிகாரம் பார்த்துப் படியுங்கள். உதாரணத்துக்கு 20 நிமிஷம் ஆனது என்று வையுங்கள். தினம் 30 நிமிஷம் என்றால் 15 பக்கம். முப்பது நாளும் படிப்போம் என்று கணக்குப் போடாதீர்கள், 22 நாள் என்று போடுங்கள். 330 பக்கம். ஒரு நடுத்தர நாவலும் ஒரு மெல்லிய புத்தகமும். அவ்வளவுதான், அது குறைவில்லை.

இரண்டு புத்தகத்தின் பக்க எண்ணிக்கையை ஒப்பிடும்போது அளவைப் பாருங்கள். பதிப்பு விவரப் பக்கத்தில் டெம்மி, கிரவுன் என்று போட்டிருப்பார்கள். டெம்மி பெரியது, கிரவுன் சின்னது. கிரவுனில் 200 பக்கம் ஓடுவது டெம்மியில் கணிசமாகக் குறையும். எழுத்தின் அளவும் சேர்ந்தால் வித்தியாசம் இன்னும் கூடும்.

வார இதழ், மாத நாவல், போனில் படித்தது, காதால் கேட்டது எல்லாம் கணக்கில் சேருமா?

ஆசைக்குப் படித்தால் சேரும். மாட்டுத்தாவணிக் கடையில் வாங்கிய மாத நாவலை மேலூர் போய்ச் சேர்வதற்குள் பாதி முடித்திருந்தால், அதைவிட நல்ல வாசிப்பு அந்த மாதத்தில் இருக்காது. நோட்டில் எழுதுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஒலிநூலுக்குப் பக்கம் எழுத முடியாது, நிமிஷம் எழுதுங்கள். ஓடும் பஸ்ஸில் எழுத்தைப் பார்த்தால் தலை சுற்றுகிறவர்களுக்கு அதுதான் வழி. போனில் மேலோட்டமாகத் தள்ளிக்கொண்டே போன துணுக்குகளைச் சேர்க்க வேண்டாம். எங்கே தொடங்கி எங்கே முடித்தீர்கள் என்று சொல்ல முடியாதது கணக்கில் வராது.

எத்தனை பக்கம் வரை பொறுத்துவிட்டு ஒரு புத்தகத்தைக் கைவிடலாம்?

நாற்பது. மெல்லிய புத்தகம் என்றால் இருபது. யார் பரிந்துரைத்தது, என்ன பரிசு வாங்கியது என்பதெல்லாம் இதில் செல்லாது. கைவிடும்போது பக்க எண்ணைப் பென்சிலால் நோட்டில் குறியுங்கள். நூலகப் புத்தகத்தில் குறிக்காதீர்கள், ஓரத்தை மடிக்கவும் வேண்டாம்.

எந்த மாதத்தில் தொடங்கலாம்?

மதுரையில் சத்தமில்லாத மாதம் என்று ஒன்று கிடையாது. மார்கழியில் விடியற்காலையே ஸ்பீக்கர், ஆடியில் அம்மன் கோயில், சித்திரையில் கேட்கவே வேண்டாம். மீனாட்சி கல்யாணம், தேர், அழகர் ஆற்றில் இறங்குவது என்று மாசி வீதிக்காரர்கள் வீட்டில் விருந்தாளிகள் போனபாடில்லை. வெயிலும் சேர்ந்துகொள்ளும். சித்திரையில் தொடங்கி இரண்டாவது வாரம் விட்டவர்கள் 'எனக்கு வாசிப்பு வராது' என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அந்த மாத நோட்டைப் பார்த்தால் 'ஏன் மூடினேன்' என்ற இடத்தில் பாதி நாள் 'ஆள் வந்தது' என்றுதான் இருக்கும்.

ஐப்பசி, கார்த்திகை தோதானவை. மழை, வெளியே போக முடியாது. தீபாவளி வாரத்தை மட்டும் கழித்துவிடுங்கள். வீட்டில் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் இருந்தால் மாசி, பங்குனி ஒத்துவரும். டிவி ஓடாது.

மாதாந்திரப் பராமரிப்புக்காகக் கரண்ட் நிறுத்தும் நாளை முன்னாலேயே பேப்பரில் போட்டுவிடுகிறார்கள். போனில் சார்ஜ் குறையும், நெட் வராது. ஜன்னலோரம் உட்கார்ந்து படிக்க அதைவிட நல்ல நாள் அமையாது.

அடுத்த மாதத்துக்குப் புத்தகம் எங்கே எடுப்பது?

முதலில் உங்கள் பகுதிக் கிளை நூலகம். வெள்ளிக்கிழமை விடுமுறை என்பது நினைவிருக்கட்டும், வெள்ளிக்கிழமை போய்ப் பூட்டைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் நிறைய. அங்கே இல்லாவிட்டால் சிம்மக்கல்லில் உள்ள மாவட்ட மைய நூலகம். புதுநத்தம் சாலையில் 2023 ஜூலை 15 அன்று திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் பிள்ளைகளுக்கான பகுதியே ஒரு நாள் முழுக்கத் தாங்கும். போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்கள் எல்லா நூலகத்திலும் மேஜையைப் பிடித்திருப்பார்கள். அவர்கள் நடுவில் கதைப் புத்தகத்தோடு உட்கார ஒரு மாதிரி இருந்தால், அங்கே தேர்ந்தெடுத்துவிட்டு வீட்டில் படியுங்கள்.

பழைய இலக்கியம், இலக்கணம், பழைய இதழ் என்று தேடுகிறவர்களுக்கு 1901-இல் பாண்டித்துரைத் தேவர் நிறுவிய தமிழ்ச் சங்கம். காந்தி பற்றியும் விடுதலைப் போராட்டம் பற்றியும் என்றால் தமுக்கம் பக்கம் காந்தி நினைவு அருங்காட்சியக நூலகம். புது மண்டபத்தில் புத்தகக் கடை தேடிப் போகாதீர்கள், அங்கிருந்த கடைகளைக் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றிவிட்டார்கள்.

தமுக்கத்தில் நடக்கும் புத்தகத் திருவிழாவில் வாங்குவதற்கு ஒரு எச்சரிக்கை: பத்து சதவீதத் தள்ளுபடியைப் பார்த்துப் பன்னிரண்டு வாங்கினால் அதில் ஒன்பது திறக்காத வரிசையில் சேரும். போகும்போது இந்த மாத நோட்டைக் கையில் கொண்டுபோங்கள். கடைக்காரர் எடுத்துக்கொடுத்த புத்தகத்தில் நடுப்பக்கம் ஒன்றை நின்றபடியே படித்துப் பாருங்கள். முதல் பக்கத்தை எழுத்தாளர்கள் எல்லோருமே மெனக்கெட்டு எழுதியிருப்பார்கள், 140-ஆம் பக்கம்தான் உண்மை பேசும்.

காசில்லாமல் படிக்க மதுரைத் திட்டம் இருக்கிறது. பெயரில் மதுரை இருந்தாலும் உலகம் முழுக்க உள்ள தன்னார்வலர்கள் 1998 பொங்கலிலிருந்து தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து இணையத்தில் ஏற்றிவருகிறார்கள். சங்க நூல் முதல் இருபதாம் நூற்றாண்டு உரைநடை வரை கிடைக்கும்.

வீட்டில் பிள்ளைகளும் பெரியவர்களும் சேர்ந்து செய்யலாமா?

செய்யலாம், ஆனால் நோட்டு தனித்தனியாக. பிள்ளையிடம் 'என்ன கற்றுக்கொண்டாய்' என்று கேட்டால் அந்த மாதமே கடைசி. 'எங்கே மூடினாய், ஏன்?' என்று கேளுங்கள், கொட்டித் தீர்த்துவிடும். 'படம் முடிஞ்சிருச்சு, அப்புறம் எழுத்தா இருந்துச்சு' என்றால் அடுத்த மாதம் படம் கூடுதலாக உள்ளதை எடுத்தால் போயிற்று.

பெரியவர்கள் 'இப்பல்லாம் மனசு ஒன்ற மாட்டேங்குது' என்றால் முதலில் கண்ணாடியையும் விளக்கையும் பாருங்கள். தலைக்கு மேலே எரியும் டியூப்லைட்டில் தன் நிழலே பக்கத்தில் விழும். இடது தோளுக்குப் பின்னாலிருந்து வெளிச்சம் வரும்படி நாற்காலியைத் திருப்பிப் போட்டாலே பத்துப் பக்கம் கூடப் படிப்பார்கள். கனமான கெட்டி அட்டைப் புத்தகத்துக்கு மடியில் ஒரு தலையணை.

வாசகர் வட்டத்தில் இதைப் பகிர்ந்துகொள்வது எப்படி?

ஆளுக்கு ஐந்து நிமிஷம். கதை சொல்லக் கூடாது. பிடித்த ஒரு பத்தியை வாசித்துக் காட்டலாம், நின்ற ஒரு புத்தகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். எட்டுப் பேருக்கு மேல் போனால் இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள், கடைசி ஆள் பேசும்போது பாதிப் பேர் டீக்கடையில் இருப்பார்கள். ஒருவர் நின்ற இடத்தை இன்னொருவர் தாண்டியிருப்பார். 'அந்த அறுபதாம் பக்கத்தை மட்டும் தாண்டிருங்கண்ணே, அதுக்கப்புறம் ஓடும்' என்று ஒருவர் சொல்வது பத்து மதிப்புரைக்குச் சமம்.

எல்லாம் பார்த்தாயிற்று. அடுத்த மாதத்துக்கு எத்தனை எடுக்க வேண்டும்?

மூன்று. நின்றவற்றில் மறுபடி இழுத்தது ஒன்று. இந்த மாதம் வேகமாக ஓடிய பக்கங்களைப் போன்றது ஒன்று. இதுவரை கை வைக்காத வகையில் மெல்லியதாக ஒன்று, 120 பக்கத்துக்குள். தடிமனான புத்தகத்தை முதல் வாரத்தில் தொடங்காதீர்கள், மெல்லியதை முடித்த வேகத்தில் அதற்குள் நுழையுங்கள்.

நின்ற புத்தகத்தை நூலகத்தில் கொடுத்துவிட்டேன். பக்கமும் நினைவில்லை. மறுபடி முதலிலிருந்தா?

வேண்டாம். பொருளடக்கத்தில் அத்தியாயத் தலைப்புகளைப் பாருங்கள், எது வரை தெரிகிறதோ அதற்கு முந்தைய அத்தியாயத்தைத் திறந்து கடைசி இரண்டு பக்கத்தைப் படியுங்கள். தெரிந்த சம்பவம் வந்தால் அடுத்ததற்குப் போங்கள், வராவிட்டால் இன்னும் ஒன்று பின்னால். அலமாரி முன்னால் நின்றுகொண்டே செய்துவிடலாம். தலைப்பில்லாமல் எண் மட்டும் போட்ட நாவல் என்றால் மூன்றில் ஒரு பங்கில் திறந்து அங்கிருந்து பாருங்கள்.